அவனுக்கு ஒரு காரணம் வேண்டும்

கணவனும் மனைவியும் பிரிந்தால் என் வாசகர்கள் இரண்டு மூன்று பாகம் வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். இன்னும் இழுத்தால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். "போதும் சிஸ், சேர்த்து வெச்சிடுங்க" என்று கைகூப்பும் படத்தோடு கமெண்ட் வரும். அப்படியும் சேர்க்கவில்லை என்றால் "இனிமே உங்க கதையைத் தொடவே மாட்டேன்" என்று வரும். அப்படிச் சொன்னவர்தான் அடுத்த பாகம் போட்டதும் முதல் ஆளாகப் படிப்பார் என்பது வேறு விஷயம்.

நான் போனில் தொடர்கதை எழுதுகிறவள். அதற்கென்று இருக்கிற ஒரு செயலியில் வாரம் இரண்டு பாகம் போடுவேன். அச்சில் புத்தகம் போட்டவர்கள் எங்களை எழுத்தாளர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வாசகர்களோ எழுத்தாளர் என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். சிஸ், அக்கா, செல்லம் எல்லாம் நாங்கள்தான். உரிமை ஜாஸ்தி. ஒரு நாள் தள்ளிப்போனாலும் "யூடி எங்க சிஸ்?" என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். யூடி என்றால் அடுத்த பாகம். முதன்முதலில் அந்த வார்த்தையைப் பார்த்தபோது ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்தேன்.

இந்த உலகத்துக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கதாநாயகன் எவ்வளவு மோசமானவனாக இருந்தாலும் கடைசியில் திருந்த வேண்டும். மோசமாக இருந்ததற்கு ஒரு ப்ளாஷ்பேக் வேண்டும். இருவரும் சேர்ந்தபிறகு ஒரு குழந்தை வேண்டும், இரட்டையாக இருந்தால் விசேஷம். நானும் வாயை மூடிக்கொண்டு எல்லாக் கதையிலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். எனக்கு அதில் பெரிய குறையும் இல்லை. வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடைக்குக் கிளம்பிப் போனபிறகு, பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு பேரைச் சேர்த்துவைப்பதில் என்ன கஷ்டம்?

செஞ்சிக்காரி என்று தெரிந்ததும் "கோட்டையைப் பத்தி எழுதுங்களேன்" என்று கேட்பவர்கள் தனி ரகம். துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தப் பாறைகள் பொழுது சாய்ந்தபிறகு எங்கள் மேல் திருப்பி விடும். அதைத் தவிர எனக்கும் கோட்டைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேச்சுவார்த்தை என்றதும் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. செஞ்சிக்கு அந்தண்டை வல்லத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு உரக்கடை, கொஞ்சம் நிலம், நல்ல குடும்பம் என்று ஊரே சொன்னது. மாட்டுப் பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. முதலில் காய்ச்சல் என்றாள். பிறகு காய்ச்சல் இல்லை என்றாள், ஆனாலும் போகவில்லை. என் மாமியார் அவளை உட்காரவைத்து விசாரித்தார்.

"குடிக்கிறாரா?"

"இல்லம்மா."

"கை நீட்றாரா?"

"இல்ல."

"வேற பொம்பள கிம்பள?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் இன்னாடி உனக்கு?"

"என்கிட்ட பேசமாட்டேங்கறாரும்மா."

மாமியார் நிம்மதியாகச் சிரித்துவிட்டார். "அவ்ளோதானா? உங்க நைனா என்கிட்ட இன்னா பேசிக் கிழிச்சிட்டாரு? ஆம்பளைங்க அப்டித்தான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

மறுநாள் மாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் விவரமாகச் சொன்னாள். அந்த மனிதர் ஊமை இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் மணிக்கணக்கில் பேசுவாராம். மாட்டிடம் பேசுவாராம். இவளிடம் மட்டும் கிடையாது. கல்யாணமான புதிதில் இரண்டொரு வார்த்தை இருந்தது, அதுவும் நின்றுபோனது. இவள் தட்டு வைத்து, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பாள். அவர் உள்ளே இருக்கும் அம்மாவிடம் குரல் கொடுப்பார்: "யம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தச் சொல்லு." அம்மா உள்ளேயிருந்து "ஊத்தும்மா" என்பார். இவள் ஊற்றுவாள். மூன்று வருஷமாக இப்படித்தான்.

"கோவமா?"

"கோவமா இருந்தா மூஞ்சில தெரியும் இல்ல? அதுகூட இல்ல அண்ணி. நான் அங்க நிக்கறதே தெரியாத மாதிரி இருக்கும்."

எனக்கு உதட்டோரச் சிரிப்பு போய்விட்டது. அவள் புடவையை உதறி மடித்தபடியே சொன்னாள்: "நீ எழுதேன். நான் சொன்னா யாருக்கும் புரியல. படிச்சாவது புரியுதான்னு பாப்போம்."

அப்படித்தான் அந்தக் கதை ஆரம்பித்தது. நானாகத் திருடவில்லை, அவளாகக் கொடுத்தாள். உரக்கடையை ஹார்டுவேர் கடை ஆக்கினேன், வல்லத்தை ஆற்றங்கரை ஊர் ஆக்கினேன். என் கற்பனை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் சொன்னது.

கரண்டி பாகம் போட்ட அன்று போன் சூடாகிவிட்டது. "எங்க வீட்லயும் இதேதான் சிஸ்" என்று எத்தனை பேர்! ஒருத்தி தன் கணவன் டிவி பார்த்துக்கொண்டே பதில் சொல்வதை எழுதினாள், இன்னொருத்தி பதிலே வராத வாட்ஸ்அப்பை எழுதினாள். மத்தியானத்தில் என் நாத்தனார் அதை மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். மாமியாருக்குக் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாது. தன் கதையை யாரோ ஒருத்தியின் கதைபோல, செய்தி வாசிக்கிற குரலில் படிப்பாள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவி, கட்டையில போறவன், கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த பேசுனா இன்னாவாம் அவனுக்கு" என்று திட்டுவார். நானும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். கதாநாயகி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய பாகத்தில் மாமியார் கைதட்டவே செய்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல்முறையாக உண்மையான ஒன்றை எழுதுகிறோம், அதுவும் செல்லுபடியாகிறது என்று நெஞ்சு விம்மியது. ஒருவேளை மாமியாருக்கும் உறைத்துவிடும், மகளைத் திருப்பி அனுப்பும் பேச்சே எழாது என்றும் நம்பினேன்.

ஆனால் கதாநாயகி பிறந்த வீட்டில் உட்கார்ந்து இரண்டு மூன்று பாகம் ஆயிற்று. காற்று மாறியது. "அவன் ஏன் பேசல? அதைச் சொல்லுங்க சிஸ்." "அவனுக்கும் ஒரு மனசு இருக்கும்ல." "ஹீரோ பக்கத்து ப்ளாஷ்பேக் எப்ப?" முதலில் ஒருத்தர் கேட்டார், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் வேறு பேச்சே இல்லை. பேசாதவனை மன்னிக்க அவர்கள் தயாராக இருந்தார்கள். கையில் ஒரு காரணம் மட்டும் வேண்டும்.

என்னிடம் காரணம் இல்லை. நாத்தனாரிடம் கேட்டேன். "தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்துக்கினு இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் விஷயமே. காரணமில்லாமல் ஒருவன் பேசாமல் இருப்பதுதான் அவளை உள்ளே அரித்துத் தின்றது. காரணத்தைக் கொடுத்துவிட்டால் அது அவள் கதையே இல்லை. கொடுக்கமாட்டேன் என்று வீம்பாக நான்கைந்து பாகம் ஓட்டினேன்.

அந்த வாரங்களில் நான் வீட்டில் உட்கார்ந்த இடம் கிடையாது. எழுத உட்காருவேன், எழுந்து அடுப்பைத் துடைப்பேன், மறுபடி உட்காருவேன், மாடிக்குப் போவேன், போன காரியம் மறந்து கீழே வருவேன். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் வேண்டாத கத்தரிக்காயை அள்ளிக்கொண்டு வந்தேன். மெடிக்கலில் மாத்திரை எடுத்துக்கொடுக்கிற பெண் கவுண்டருக்கு மேலே எட்டிக் குனிந்து, "அக்கா, நீங்கதான் எழுதறீங்களாமே, அவங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சிடுங்கக்கா, எனக்குத் தூக்கமே வரல" என்றாள். எந்தப் பெயரில் எழுதுகிறேன் என்று நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கல்யாணத்தில் "எங்க மருமவதான் எழுதுது" என்று பந்தி பந்தியாக மாமியாரே தம்பட்டம் அடித்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நாத்தனாருடைய புகுந்த வீட்டாரும் வந்திருந்தார்கள்.

ஒரு கமெண்ட்தான் என்னைச் சாய்த்தது. "நிஜத்துல எதுக்கும் காரணம் தெரியறதில்ல சிஸ். கதையிலயாவது தெரியட்டுமே." எழுதியவர் யாரோ. அதற்கு முன்னும் பின்னும் அவர் ஒன்றும் எழுதியதில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இதற்கு என்ன பதில் சொல்வது? என் சுதந்திரம், என் கதை என்று மார் தட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று வெட்கமாக இருந்தது. சமையல் முடித்து, வேலை முடித்து, அரை மணிநேரம் எனக்குக் கொடுக்கிற பெண் கேட்கிற ஒரு பொருளை ஏன் இல்லை என்கிறேன்?

எழுதினேன். சின்ன வயதில் கோபத்தில் தம்பியைப் பார்த்து "தொலைஞ்சு போ" என்று கத்துகிறான். அன்று மாலை தம்பி கிணற்றில் விழுந்து இறந்துபோகிறான். தன் வாயிலிருந்து வருகிற வார்த்தை பிரியமானவர்களைக் கொன்றுவிடும் என்று அன்றிலிருந்து பயம். அதனால் பிடிக்காதவர்களிடம், பொருட்படுத்தாதவர்களிடம் எல்லாம் சகஜமாகப் பேசுவான். உயிராக நினைக்கிறவளிடம் மட்டும் வாய் திறக்கமாட்டான். ஒரே மூச்சில் வந்தது. எழுதி முடித்தபோது நானே அழுதேன். கட்டிவிட்ட பொய்க்கு அழுகிறோம் என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை. இவ்வளவு நன்றாக நான் அதுவரை எழுதியதில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாசகர்கள் கொண்டாடினார்கள். "அவ்ளோ லவ்வா!" "ஐயோ, அவன் பேசாததே பாசம்தானா?" என் கதைகளிலேயே அதிகம் படிக்கப்பட்ட பாகம் அதுதான். நாத்தனார் வழக்கம்போல மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். முடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"நல்லா இருக்குது அண்ணி. இப்டி ஒன்னு இருந்திருந்தா நான் அங்கயே இருந்திருப்பேன்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து செய்தி வந்தது. மாப்பிள்ளையின் அக்கா என் கதையை முதல் பாகத்திலிருந்து படித்திருக்கிறாள். ஹார்டுவேர் கடை அவளை ஏமாற்றவில்லை. கோபப்படுவாள் என்று பயந்தேன், நடந்தது அதைவிட வினோதம். நாங்கள் பெண் வீட்டார் நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டுக் கதை வழியாகப் பேசுகிறோம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொண்ணு பை தூக்கிய பாகம் எங்கள் கோபம். ப்ளாஷ்பேக் நாங்கள் இறங்கி வருவது. ஆகவே கடைசிப் பாகம் எங்கள் முடிவு. "கதை எப்டி முடியுதுன்னு பாத்துட்டு பேச வரலாம்னு அக்கா சொல்லுது" என்று அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரின் கடையில், மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் சிரித்தேன். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சேத்து வெச்சிட்டுப் போயேன். உனக்கு இன்னா நஷ்டம்?" என்றார் வீட்டுக்காரர்.

"கதைங்க அது."

"கதைதானே? அப்புறம் எதுக்கு அடம் புடிக்கற?"

மாமியார் அவ்வளவு சாதுவாகக் கேட்கவில்லை. "என் பொண்ணு வாழ்க்க உன் கையில இருக்குது. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஜோடி சேத்து வுட்ட, உன் வீட்டுப் பொண்ணுன்னு வரும்போது பேனா எழுதமாட்டேங்குதா?" என்றார். நான் பேனாவால் எழுதுவதில்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு அப்போது இல்லை.

சேர்த்துவைத்தால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே கார் வந்து நிற்கும், நாத்தனார் மறுபடியும் கரண்டியோடு நிற்கவேண்டியதுதான். பிரித்துவைத்தால் அறுத்துவிட்டோம் என்று அர்த்தம், காலத்துக்கும் பழி என் தலையில். ப்ளாஷ்பேக் தெரிந்த கதாநாயகி அவன் வீட்டு வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளேயும் விடமுடியவில்லை, வெளியேயும் அனுப்பமுடியவில்லை. நாத்தனாரிடமே கேட்டேன்: "நீ சொல்லு, எப்டி முடிக்கட்டும்?" அவள் "உன் இஷ்டம் அண்ணி, உன் கதை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆயிரம் பேர் இப்படி எழுது, அப்படி எழுது என்று கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்கவேண்டியவள் ஒன்றும் கேட்காமல் போனபோது அந்த எரிச்சலே தேவலை என்றிருந்தது.

நான் யூடி போடவே இல்லை. உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். வாசகர்கள் கஷாயம் சொல்லித் தந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் பொறுமை போய்விட்டது. முந்தின நாளே போனில் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பி வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அக்கா, அவர்களுக்குத் தாய்மாமன் முறையில் ஒரு பெரியவர், மூன்றே பேர்.

கலர் பாட்டில் உடைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம். வெயிலைப் பற்றி, நெல் ஏலம் போடுகிற கமிட்டியில் லாரிகள் நிற்கிற வரிசையைப் பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளை என் வீட்டுக்காரரிடம் மோட்டார் விலையைப் பற்றிக் கலகலவென்று பேசினார். குரல் நன்றாகவே இருந்தது. நாத்தனார் அடுக்களை நிலையோரம் நின்றிருந்தாள்.

மாப்பிள்ளையின் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க தம்பியும் அப்டித்தான்க்கா. புடிச்சவங்ககிட்ட வாயே தொறக்காது. கெணத்துல வுழுந்த தம்பியெல்லாம் எங்களுக்கு இல்ல, அது நீங்க கதைக்கு வெச்சது. ஆனா அந்த மனசு இருக்குது பாருங்க, அப்டியே எங்க தம்பி. உள்ள பூந்து பாத்த மாதிரி எழுதிட்டீங்க. நான் படிச்சிட்டு அழுதுட்டேன்."

எழுதுகிற எவரும் ஏங்குகிற பாராட்டு. நான் என் கையை மெதுவாக உருவிக்கொண்டேன்.

பெரியவர் பிடித்துக்கொண்டார். "அதான் சொல்றேன். நாங்ககூட அவன் ஏன் பேசலன்னு குழம்பிக்கினு இருந்தோம். உங்க வீட்டு மருமவளே கண்டுபுடிச்சி எழுதிடுச்சி. எவ்ளோ பாசம் இருந்தா ஒருத்தன் வாயக் கட்டிக்கினு இருப்பான்? அனுப்பி வையுங்க."

மாமியார் தலையாட்டினார். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அது நானா கட்டுனதுங்க. படிக்கறவங்க காரணம் கேட்டாங்க, ஒன்ன வெச்சேன். அதுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

வீட்டுக்காரர் என்னை முறைத்தார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "கட்டுனதா இருந்தா இன்னாம்மா? நல்ல வார்த்தைதானே. அதையே வெச்சிக்கினு ரெண்டு பேரும் பொழச்சிப் போவட்டும்."

என்னைப் படிக்கிற அத்தனை பேரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார், கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

அப்போது நாத்தனார் நிலையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். பெரியவரைப் பார்த்துத்தான் பேசினாள். "அந்தக் காரணத்த அவரு வாயால சொல்லட்டும் மாமா. பொய்யா இருந்தாலும் பரவால்ல. என்னப் பாத்து ஒரு தடவ சொல்லட்டும். இப்பவே கிளம்பி வரேன்."

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தினார். நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கூட "சொல்லுடா" என்றார். மாப்பிள்ளை தலையைத் திருப்பி அக்காவிடம் சொன்னார்: "நேரமாவுதுக்கா. கடைக்கு லோடு வருது."

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. "யோசிச்சிச் சொல்லுங்க" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிருந்தது. எப்படி மடக்கினாள்! நாலு பேர் நடுவில் ஒரே கேள்வி, ஆள் காலி. வாரக்கணக்கில் நான் தேடியலைந்த கடைசிப் பாகம் என் கூடத்திலேயே நடந்து முடிந்திருந்தது. வாசல் கேட்டை மூடும் சத்தம் கேட்கும்போதே போனைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அன்றே எழுதிப் போட்டேன். கதாநாயகி அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். அவன் பேசவில்லை. கிணற்றில் விழுந்த தம்பியே பொய், ஊர் வாயை அடைக்க அவன் அம்மா சொன்ன கதை என்று தெரியவருகிறது. அவள் சிரித்துக்கொண்டே திரும்பி நடக்கிறாள். அவ்வளவுதான், முற்றும். இரட்டைக் குழந்தை கிடையாது. யார் தயவும் இல்லாமல் நான் எழுதிய முதல் முடிவு என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இதுக்கா இத்தனை நாள் உங்க கூடவே வந்தோம்?" "ப்ளாஷ்பேக்குக்கு நான் அழுதேனே, அது பொய்யா? நல்லா ஏமாத்தினீங்க." "நீங்க எழுத்தாளரா இருக்கலாம், நாங்க மனுஷங்க." பாதிப் பேர் என்னைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டார்கள். ஒன்றிரண்டு பேர் துணிச்சல் என்று பாராட்டினார்கள். அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அக்கா "உங்க பதில் தெரிஞ்சிடுச்சி" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு என்னை பிளாக் செய்தாள். மாமியார் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். நான் எதிரில் இருக்கும்போதே மகளிடம் "உங்க அண்ணிய சாப்டச் சொல்லு" என்பார். தாங்கிக்கொண்டேன். நாத்தனார் தப்பித்தாள், நான் சரியாக எழுதினேன், இரண்டும் ஒன்றாக நடந்திருக்கிறது, அது போதாதா?

ஆனால் நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பாகத்தை அம்மாவுக்கு அவள் படித்துக் காட்டவும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் படித்துக் காட்டினார். நாலைந்து நாள் பார்த்தேன். அவள் கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"படிச்சியா இல்லையா?"

"படிச்சேன்."

"எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்டி?"

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். கையிலிருந்த மாவை உரல் விளிம்பில் வழித்தாள்.

"அதுல அவ சிரிச்சிக்கினே திரும்பறா இல்ல? நான் சிரிக்கல அண்ணி."

"கதைக்காக அப்டி..."

"நான் அவர மடக்கறதுக்குக் கேட்டேன்னு நீ எழுதிட்ட. நான் அதுக்குக் கேக்கல. சொல்லிடுவாருன்னு நெனச்சித்தான் கேட்டேன். அவங்க வராங்கன்னு தெரிஞ்சி காலைலயே பையில துணியெல்லாம் அடுக்கி வெச்சிட்டேன்."

நான் கிரைண்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"எனக்கு அவரப் புடிக்கும் அண்ணி. இத்தன பாகம் எழுதுன. ஒரு எடத்துலகூட அது இல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாசகர்களுக்குப் பணிந்து ஒரு முறை அவளைப் பொய்யாக்கினேன், யாருக்கும் பணியாமல் இன்னொரு முறை. கரண்டியைக் கேட்டேன், குழம்பைக் கேட்டேன், அவர் மாட்டிடம் என்ன பேசுவார் என்றுகூடக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. பிடிக்காதவன் பேசாவிட்டால் எவளுக்கு என்ன வலிக்கப்போகிறது?

"மாத்திடறேன். இப்பவே மாத்தலாம், போட்டதத் திருத்தலாம்" என்றேன்.

"வேணாம் வேணாம்." மாவுக் கையாலேயே என் கையைப் பிடித்துவிட்டாள். "அத மட்டும் எழுதிடாத. புடிக்குது இல்ல, அப்புறம் இன்னா கேடுன்னு என்னக் கூட்டிக்கினு போயி அங்க வுட்டுடுவாங்க. நான் போவமாட்டேன். இப்டியே இருக்கட்டும்."

கிரைண்டரைப் போட்டாள்.

நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். பிறகு வேறு வேலை ஓடாமல் போனை எடுத்தேன். திட்டுகள் ஓய்ந்திருந்தன. புதிதாக ஒரே ஒரு கமெண்ட் வந்திருந்தது: "முடிவை மாத்தச் சொல்லல சிஸ். ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். அவளுக்கு அவனைப் பிடிக்கும்தானே?"

கமெண்ட்டுகளுக்கு நான் சாதாரணமாகப் பதில் போடுவதில்லை. இதற்குப் போட்டேன். "இல்லை சிஸ், பிடிக்காது" என்று எழுதி அனுப்பினேன்.